பிரெட்போர்டில் ஐசியைச் சரியாகப் பொருத்துவது எப்படி

சால்டர் செய்யாமல் துளைகளில் செருகியே சர்க்யூட் கட்ட உதவும் பலகைதான் பிரெட்போர்டு. அதில் கட்டிய சர்க்யூட் வேலை செய்யவில்லை என்றதும் பலரும் முதலில் ஐசி, அதாவது பல கால்கள் கொண்ட சிப் மீதுதான் பழி போடுகிறார்கள். புதிது வாங்கி மாற்றுகிறார்கள், அதுவும் வேலை செய்வதில்லை. பெரும்பாலும் ஐசியில் குறை எதுவும் இருக்காது. ஒரு கால் துளைக்குள் போகாமல் அடியில் மடங்கிக் கிடக்கும், அல்லது ஐசி தலைகீழாக இருக்கும், அல்லது சப்ளை அதன் கால்வரை வந்தே சேர்ந்திருக்காது. ஐசியைப் பொருத்தும்போதே இவற்றைத் தடுத்துவிடலாம்.

இங்கே சொல்வதெல்லாம் டிஐபி வகை ஐசிகளுக்கு, அதாவது இரண்டு பக்கமும் நீளமான கால்கள் கீழ்நோக்கி நிற்கும் வகைக்கு. மொபைல் போர்டுகளில் இருப்பது போன்ற சிறிய எஸ்எம்டி ஐசிகள் பிரெட்போர்டில் நேரடியாக உட்காராது. எஸ்ஓஐசி வகையில் கால்களுக்கு இடையே 1.27 மி.மீ.தான் இருக்கும். பிரெட்போர்டு துளைகளின் இடைவெளியோ 2.54 மி.மீ. அவற்றை ஓர் அடாப்டர் போர்டில் சால்டர் செய்து, பின் வரிசை போட்ட பிறகே பிரெட்போர்டுக்குக் கொண்டுவர முடியும்.

போர்டின் உள்ளே

பொதுவாகக் கிடைக்கும் பெரிய போர்டில் 830 துளைகள் இருக்கும். நடுப்பகுதியில் 63 வரிசைகள், வரிசைக்கு 10 துளைகள், ஆக 630. மேலும் கீழும் ஓடும், சப்ளையும் கிரவுண்டும் கொடுப்பதற்கான நான்கு பவர் ரெயில்களில் தலா 50. சிறிய போர்டில் 30 வரிசைகளும் மொத்தம் 400 துளைகளும் இருக்கும். ஒவ்வொரு வரிசையும் நடுவில் ஓடும் பள்ளத்தால் ஐந்து ஐந்தாகப் பிரிகிறது. ஐந்து துளைகளுக்கும் அடியில் ஒரே உலோகக் கிளிப். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஐந்துக்கும் இந்தப் பக்கம் இருக்கும் ஐந்துக்கும் தொடர்பு கிடையாது.

ஐசியை அந்தப் பள்ளத்தின் மேல் குறுக்காக உட்காரவைக்க வேண்டும் என்பது இதனால்தான். பள்ளத்தின் இரு கரையிலும் இருக்கும் துளைகளுக்கு இடையே 7.62 மி.மீ. 8, 14, 16 கால் ஐசிகளின் இரு வரிசைக் கால்களுக்கு இடையே இருப்பதும் அதே அளவுதான். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே பக்கத்தின் முதல் துளைக்கும் நான்காவது துளைக்கும் இடையே உள்ள தூரமும் அதே 7.62 மி.மீ. ஆகவே பள்ளத்தைத் தாண்டாமல் ஒரே பாதிக்குள் ஐசியைச் செருகினாலும் அது சுகமாக உட்கார்ந்துவிடும், கைக்குத் தவறே தெரியாது. ஆனால் எதிரெதிர்க் கால்கள் எல்லாம் ஷார்ட் ஆகிவிடும். 555 டைமர் ஐசியில் 1ஆம் கால் கிரவுண்டு, அதற்கு நேர் எதிரே இருக்கும் 8ஆம் கால் சப்ளை. இப்படிச் செருகினால் சப்ளையும் கிரவுண்டும் நேரடியாகச் சேர்ந்துவிடும்.

ரெயில்களையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். சில 830 போர்டுகளில் ரெயில் நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். மேலே அச்சிட்ட சிவப்பு, நீலக் கோடும் அந்த இடத்தில் நின்று மறுபடி தொடங்கும். மல்டிமீட்டரைக் கன்டின்யூட்டியில், அதாவது தொடர்பு இருந்தால் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ரெயிலின் இரண்டு முனைகளையும் தொடுங்கள். பீப் வராவிட்டால் நடுவில் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுங்கள். வலது பாதியில் வைத்த ஐசி மட்டும் உயிரே இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

1ஆம் கால் எங்கே?

ஐசியின் ஒரு முனையில் அரைவட்ட வெட்டு இருக்கும். அந்த வெட்டு இடது கைப்பக்கம் வரும்படி, எழுத்து மேலே தெரியும்படி பிடித்தால் கீழ் இடது மூலையில் இருப்பது 1ஆம் கால். அங்கிருந்து கீழ்ப் பக்கமாக இடமிருந்து வலம் எண்ணிக்கொண்டே போய், வலது முனையில் மேலே ஏறி, மேல் பக்கமாக வலமிருந்து இடம் திரும்பி வர வேண்டும். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. 14 கால் ஐசியில் 7 கீழ் வலது மூலையிலும், 8 அதற்கு நேர் மேலேயும், 14 மேல் இடது மூலையிலும் வரும்.

வெட்டு இல்லாத ஐசிகளில் 1ஆம் காலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி இருக்கும். ஆனால் எல்லாக் குழியும் அந்தப் புள்ளி அல்ல. அச்சிலிருந்து ஐசியைத் தள்ளி எடுத்தபோது விழுந்த பெரிய வட்டத் தடங்கள் சிலவற்றில் நடுவிலோ இரண்டு முனையிலுமோ இருக்கும். அவை எதையும் குறிப்பதில்லை. மூலையோடு ஒட்டி இருக்கும் சிறிய புள்ளியைத்தான் பார்க்க வேண்டும். குழப்பமாக இருந்தால் மேலே அச்சிட்ட எண்ணை நேராகப் படிக்கும்படி திருப்புங்கள். 1ஆம் கால் பெரும்பாலும் கீழ் இடது மூலையில் இருக்கும்.

போர்டில் எத்தனை ஐசி வைத்தாலும் எல்லாவற்றின் வெட்டும் ஒரே பக்கம், இடது பக்கம் இருக்கட்டும். ஒன்றை மட்டும் வசதிக்காகத் திருப்பி வைத்தால் ஒயர் கொஞ்சம் குறையலாம். ஆனால் அரை மணி நேரம் கழித்து அதை மறந்து கால்களைத் தப்பாக எண்ணுவோம். தலைகீழாகப் பொருத்துவதன் விளைவும் சாதாரணமல்ல. சப்ளையும் கிரவுண்டும் எதிரெதிர் மூலைகளில் இருக்கும் 14, 16 கால் ஐசிகளைத் திருப்பிச் செருகினால் இரண்டும் அப்படியே இடம் மாறிவிடும். அப்போது மின்னோட்டம் ஐசியின் உள்ளே இருக்கும் டையோடுகள் வழியாகத் தடையில்லாமல் பாயும். சில நொடிகளில் ஐசி தொட முடியாத அளவுக்குச் சூடாகிவிடும்.

டேட்டாஷீட்டைப் பார்க்காமல் சப்ளைக் காலை ஊகிக்காதீர்கள்

மேல் இடது மூலை சப்ளை, கீழ் வலது மூலை கிரவுண்டு என்பது பழக்கத்தில் வந்த வழக்கம், சட்டம் அல்ல. எந்தக் கால் எது என்பதைத் தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்தான் சொல்லும். டிஜிட்டல் லேபில் அன்றாடம் கையில் எடுக்கும் ஐசிகளே இதை மீறுகின்றன. 7476 ஐசியில் சப்ளை 5, கிரவுண்டு 13. 7490, 7493 இரண்டிலும் சப்ளை 5, கிரவுண்டு 10. 7473 என்றால் 4, 11. எல்எம்324 ஆப்ஆம்பில் சப்ளை 4ஆம் கால், கிரவுண்டு 11. எல்எம்339 கம்பாரேட்டரில் 3, 12. சிடி4049, சிடி4050 இரண்டும் 16 கால் ஐசிகள். அவற்றில் 16ஆம் கால் எதனோடும் இணைக்கப்படாதது, சப்ளை 1ஆம் கால். 741 ஆப்ஆம்பில் 8ஆம் கால் வெறும் கால். 7இல் பிளஸ் சப்ளையும் 4இல் மைனஸ் சப்ளையும் கொடுக்க வேண்டும்.

லாஜிக் கேட் ஐசிகளிலும் இதே சிக்கல் உண்டு. 7400, 7408, 7432 மூன்றிலும் 1, 2 இன்புட், 3 அவுட்புட். 7402 நார் கேட்டில் 1 அவுட்புட், 2, 3 இன்புட். 7408 இருந்த இடத்தில் ஒயரை மாற்றாமல் 7402ஐச் செருகினால் அவுட்புட்டோடு அவுட்புட் மோதும். சிடி4011, 7400 இரண்டுமே நாண்ட் கேட்டுதான். ஆனால் 7400இல் இரண்டாவது கேட்டின் அவுட்புட் 6ஆம் கால், 4011இல் அது 4ஆம் கால். ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்க முடியாது.

வோல்டேஜையும் சேர்த்தே பாருங்கள். 74எல்எஸ் ஐசிகளுக்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரை. 74ஹெச்சி ஐசிகள் 2 முதல் 6 வோல்ட் வரை தாங்கும். சிடி4000 வரிசை 3 முதல் 15 வோல்ட் வரை நன்றாக ஓடும். என்இ555க்கு 4.5 முதல் 16 வரை. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சர்க்யூட்டில் ஒரு 74ஹெச்சி ஐசியைச் சேர்த்தால் அது போய்விடும்.

கால்களை நேராக்குதல்

புது ஐசியின் கால்கள் செங்குத்தாக நிற்பதில்லை, இரு பக்கமும் சற்று வெளியே விரிந்திருக்கும். தொழிற்சாலையில் எந்திரம் பிடித்துச் செருகும்போது கால்கள் துளையில் இறுகி நிற்பதற்காக அப்படி விடுகிறார்கள். அப்படியே பிரெட்போர்டில் வைத்து அழுத்தினால் விரிந்த பக்கக் கால்கள் துளையின் விளிம்பில் முட்டி, ஒன்று வெளியே சாயும், இன்னொன்று அடியில் மடங்கும்.

மேஜையில் ஐசியைப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். ஒரு பக்கக் கால்கள் முழுவதும் மேஜைமேல் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். உடலை இரண்டு முனையிலும் விரல்களால் பிடித்து மெதுவாக உருட்டுங்கள். ஒரு வரிசைக் கால்கள் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அளவு வளையும். சிறிது வளைத்துவிட்டு, பள்ளத்தின் மேல் வைத்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் சிறிது. பிறகு மறுபக்கம். ஒவ்வொரு காலாக நோஸ் பிளையரால் வளைப்பதைவிட இதுவே நல்லது. பிளையரில் ஒன்று கூடவும் ஒன்று குறையவும் வளைந்து வரிசை கெட்டுவிடும். காலை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது உடலோடு சேரும் அகலமான இடத்துக்குக் கீழே முறிந்துவிடும். முறிந்த காலில் ஒரு துண்டு ஒயரைச் சால்டர் செய்து ஒப்பேற்றலாம். ஆனால் பிரெட்போர்டில் அது நம்பிக்கையாக நிற்காது.

கால்களைத் தொடும் முன் குழாய் போன்ற, மண்ணோடு தொடர்புள்ள உலோகம் ஒன்றைத் தொட்டுவிடுங்கள். சிடி4000, 74ஹெச்சி வகைகள் சிமாஸ் என்னும் தொழில்நுட்பத்தில் செய்தவை. நம் உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அவற்றின் இன்புட்டைச் சேதப்படுத்தும். நைலான் துணி, பிளாஸ்டிக் நாற்காலி, ஏசி அறையின் வறண்ட காற்று மூன்றும் சேர்ந்தால் ஆபத்து அதிகம்.

செருகுதல்

சப்ளையைக் கழற்றிவிட்டே செருகுங்கள். ஐசியைப் பள்ளத்தின் மேல் வைத்து, அழுத்தாமல், ஒரு பக்கக் கால்களின் நுனிகள் எல்லாம் துளைகளின் வாயில் நிற்கின்றனவா என்று பாருங்கள். பிறகு மறுபக்கம். கண்ணை ஐசியின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பார்த்தால்தான் இது தெரியும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. எல்லாம் சரியென்றால் இரண்டு கட்டைவிரல்களையும் இரு முனைகளில் வைத்து, இரு பக்கமும் சமமாக அழுத்துங்கள். புது போர்டில் கிளிப்புகள் இறுக்கமாக இருக்கும், ஓரளவு பலம் தேவைப்படும். 28, 40 கால் ஐசிகளுக்கு ஒரு முனையில் சிறிது, மறுமுனையில் சிறிது என்று மாற்றி மாற்றி அழுத்துங்கள். உடல் போர்டின் மேல் கிட்டத்தட்டப் படிந்ததும் நிறுத்துங்கள்.

அழுத்தும்போது ஒரு மூலை மட்டும் இறங்க மறுத்தால் அங்கே கால் முட்டிக்கொண்டிருக்கிறது. மேலும் அழுத்தாதீர்கள். எடுத்து, காலை நிமிர்த்தி, மறுபடி வையுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு அமுக்கினால்தான் கால் ஐசியின் வயிற்றுக்கு அடியில் மடங்கிவிடும். மேலிருந்து பார்த்தால் அது உள்ளே போனது போலவே தெரியும்.

8051 குடும்பத்து 40 கால் ஐசிகள் அகலமானவை, இரு வரிசைக்கும் இடையே 15.24 மி.மீ. அவை பள்ளத்தின் கரைத் துளைகளில் உட்காராது. ஒரு பக்கம் கரையிலிருந்து இரண்டாவது துளை, மறுபக்கம் மூன்றாவது துளை என்று வைத்தால் சரியாகப் பொருந்தும். அப்போது ஒரு பக்கம் வெளியே மூன்று துளைகளும் மறுபக்கம் இரண்டும்தான் மிஞ்சும். உடலுக்கு அடியில் மறையும் துளைகளை வீணாக்க வேண்டாம். ஐசியைச் செருகும் முன்பே கிரவுண்டு ஒயர்களை அந்தத் துளைகளில் தாழ்வாகப் படியவைத்துவிடலாம். ஏடிமெகா328பி 28 கால் ஐசியாக இருந்தாலும் குறுகலான வகை, கரைத் துளைகளிலேயே உட்காரும்.

ஐசி பேஸைப் பிரெட்போர்டில் வைத்து அதன்மேல் ஐசியைச் செருகுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சாதாரண பேஸின் கால்கள் குட்டையானவை, கிளிப்பை ஆழமாகப் பிடிக்காது. கை பட்டாலே எழும்பிவிடும்.

ஒயரும் கெபாசிட்டரும்

22 கேஜ் சிங்கிள் ஸ்ட்ராண்டு ஒயர், ஏறக்குறைய 0.64 மி.மீ. தடிமன், பிரெட்போர்டுக்கு அளவெடுத்தது போல இருக்கும். முனையில் 7 அல்லது 8 மி.மீ. உரித்தால் போதும். குறைவாக உரித்தால் காப்புறை கிளிப்புக்குள் சிக்கித் தொடர்பு வராது, அதிகமாக உரித்தால் பக்கத்து ஒயரோடு உரசும். பல இழை ஒயரை முறுக்கிச் செருகுவது வேண்டாம், ஓர் இழை பிரிந்து பக்கத்துத் துளைக்குப் போகும். 1என்5408 டையோடு போன்ற தடித்த கால்களைத் திணித்தால் கிளிப் விரிந்துவிடும். பிறகு அந்தத் துளையில் ஐசியின் மெல்லிய கால் லூஸாகவே நிற்கும்.

ஒவ்வொரு ஐசிக்கும் ஒரு 0.1 மைக்ரோஃபேரட் செராமிக் கெபாசிட்டர் போடுங்கள். கடையில் 104 என்று கேட்டால் தருவார்கள். அதைச் சப்ளைக் காலின் வரிசையிலும் கிரவுண்டுக் காலின் வரிசையிலும் செருகுங்கள், ரெயிலின் ஏதோ ஒரு மூலையில் அல்ல. ஐசியின் உள்ளே அவுட்புட் நிலை மாறும் கணத்தில் சட்டென்று மின்னோட்டம் தேவைப்படும். நீளமான ஒயர் வழியாக அது வந்து சேர்வதற்குள் சப்ளை தாழ்ந்துவிடும். பக்கத்திலேயே இருக்கும் கெபாசிட்டர் அந்தக் குறையை ஈடுகட்டும். கவுண்டர்கள் தாமாகவே எண்ணைத் தாண்டிப் போவதும் பிளிப்பிளாப் காரணமில்லாமல் ரீசெட் ஆவதும் பல சமயம் இது இல்லாததால்தான். போர்டுக்குச் சப்ளை நுழையும் இடத்தில் 100 மைக்ரோஃபேரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்று, பிளஸ் மைனஸ் பார்த்து.

சிமாஸ் ஐசியில் பயன்படுத்தாத இன்புட்டுகளைச் சும்மா விடக்கூடாது. சப்ளைக்கோ கிரவுண்டுக்கோ கட்டிவிடுங்கள். பயன்படுத்தாத அவுட்புட்டை எதனோடும் இணைக்க வேண்டாம்.

இரண்டு ஐசி வைத்து ஒரு சர்க்யூட்

555 டைமரும் சிடி4017 கவுண்டரும் சேர்ந்த ஓடும் விளக்கைக் கட்டிப் பார்த்தால் மேலே சொன்ன எல்லாம் கையில் படியும். 830 போர்டு ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, என்இ555 ஒன்று, சிடி4017 ஒன்று, எல்இடி 10, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் 10, 10 கிலோ ஓம் ஒன்று, 68 கிலோ ஓம் ஒன்று, 10 மைக்ரோஃபேரட் ஒன்று, 103 (0.01 மைக்ரோஃபேரட்) ஒன்று, 104 இரண்டு, 100 மைக்ரோஃபேரட் ஒன்று. வரிசை எண்கள் இடமிருந்து வலம் ஏறும்படி போர்டை வைத்துக்கொள்ளுங்கள். மேல் ரெயில்களையும் கீழ் ரெயில்களையும் பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று ஒயரால் இணைத்து, பிளஸ் மைனஸ் இரண்டும் இரு பக்கமும் கிடைக்கும்படி செய்யுங்கள்.

1. 555ஐ 5 முதல் 8 வரையுள்ள வரிசைகளில், வெட்டு இடது பக்கம் இருக்கும்படி செருகுங்கள். கீழ்ப் பாதியில் 5ஆம் வரிசை 1ஆம் கால், 8ஆம் வரிசை 4ஆம் கால். மேல் பாதியில் 5ஆம் வரிசை 8ஆம் கால், 8ஆம் வரிசை 5ஆம் கால்.

2. 4017ஐ 20 முதல் 27 வரை செருகுங்கள். கீழ்ப் பாதி 20இல் 1ஆம் கால், 27இல் 8ஆம் கால். மேல் பாதி 20இல் 16ஆம் கால்.

3. மேல் 5, கீழ் 8, மேல் 20 மூன்றையும் பிளஸ் ரெயிலுக்கும், கீழ் 5, கீழ் 27 இரண்டையும் மைனஸ் ரெயிலுக்கும் இணையுங்கள். 104 ஒவ்வொன்றும் அந்தந்த ஐசியின் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே.

4. 10 கிலோ ஓம், மேல் 5இலிருந்து மேல் 6க்கு. 68 கிலோ ஓம், மேல் 6இலிருந்து மேல் 7க்கு. மேல் 7இலிருந்து கீழ் 6க்கு ஒரு ஒயர், ஐசியைச் சுற்றிப் போகட்டும். 10 மைக்ரோஃபேரட்டின் பிளஸ் கீழ் 6இல், மைனஸ் கீழ் 5இல். 103, மேல் 8இலிருந்து மைனஸ் ரெயிலுக்கு.

5. கீழ் 7, அதாவது 555இன் அவுட்புட்டிலிருந்து மேல் 22க்கு, அதாவது 4017இன் 14ஆம் காலுக்கு ஒயர். 4017இன் 13, 15ஆம் கால்கள் மேல் 23இலும் மேல் 21இலும் இருக்கின்றன. இரண்டையும் மைனஸுக்குக் கட்டுங்கள்.

6. 4017இன் அவுட்புட்டுகள் வரிசையாக எரிய எல்இடிகளை இந்தக் கால்களின் ஒழுங்கில் இணையுங்கள்: 3, 2, 4, 7, 10, 1, 5, 6, 9, 11. ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம், எல்இடியின் நீளக்கால் அவுட்புட் பக்கம், குட்டைக்கால் மைனஸ் பக்கம்.

ஒரு நேரத்தில் ஓர் எல்இடிதானே எரிகிறது, பத்துக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் போதாதா என்று தோன்றும். எரியும், பலரும் அப்படித்தான் கட்டுகிறார்கள். ஆனால் 9 வோல்ட்டில் எரியாத ஒன்பது எல்இடிகளின் மேல் தலைகீழாக விழும் வோல்டேஜ் அவற்றின் வழக்கமான 5 வோல்ட் வரம்பைத் தொட்டுவிடும். தனித்தனி ரெசிஸ்டரே மேல்.

இந்த மதிப்புகளுக்கு விளக்கு நொடிக்கு ஒருமுறை நகரும். 10 மைக்ரோஃபேரட்டை 1 ஆக்கினால் பத்து மடங்கு வேகம்.

சப்ளை கொடுக்கும் முன்னும் பின்னும்

பேட்டரியை இணைக்கும் முன் பிளஸ் ரெயிலுக்கும் மைனஸ் ரெயிலுக்கும் இடையே கன்டின்யூட்டி பாருங்கள். தொடர்ந்து பீப் வந்தால் ஷார்ட், பேட்டரியைத் தொடாதீர்கள். கெபாசிட்டர் சார்ஜ் ஆகும்போது ஒரு கணம் பீப் வந்து நின்றால் பரவாயில்லை.

இணைத்ததும் முதலில் விரலை ஐசியின் மேல் வையுங்கள். சுட்டால் உடனே கழற்றுங்கள். பிறகு வோல்டேஜ் அளக்க வேண்டும். மல்டிமீட்டரின் முனையைத் துளையில் செருகிய ஒயரின்மேல் வைக்காமல், ஐசியின் காலின் மேலேயே, உடலை ஒட்டிய இடத்தில் வையுங்கள். கிளிப்பில் 9 வோல்ட் இருந்தும் காலில் இல்லாமல் போகலாம். கால் மடங்கியிருப்பதையும் கிளிப் லூஸாக இருப்பதையும் காட்டிக்கொடுக்கும் சோதனை இது ஒன்றுதான். ரெயிலுக்கும் காலுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அங்கே தொடர்பு சரியில்லை. ஐசியை இரண்டு வரிசை தள்ளிச் செருகிப் பாருங்கள்.

சப்ளை ஒயரே இல்லாமல் சிமாஸ் ஐசி அரைகுறையாக வேலை செய்வதும் உண்டு. இன்புட்டுக்கு வரும் சிக்னல் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டையோடு வழியாகச் சப்ளைக்குப் போய் ஐசியை ஓட்டிவிடும். எல்இடி மங்கலாக எரியும், சில கேட்டுகள் சரியாகவும் சில தப்பாகவும் வரும். ஐசி பாதி போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் சப்ளைக் காலை அளந்துவிடுங்கள்.

ஓடும் விளக்கில் ஒரே எல்இடி எரிந்து நின்றுவிட்டால் 13 அல்லது 15ஆம் கால் கிரவுண்டில் இல்லை, அல்லது 555 துடிக்கவில்லை. 555இன் 3ஆம் காலில் மீட்டர் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் விளக்கு தாறுமாறாக ஓடினால் 14ஆம் காலின் ஒயர் தொடர்பில் இல்லை. ஓடுகிறது, ஆனால் முன்னும் பின்னும் தாவுகிறது என்றால் எல்இடிகளை 1, 2, 3 என்று கால் எண் ஒழுங்கில் கட்டியிருக்கிறீர்கள்.

பிரெட்போர்டின் வரம்பும் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கிளிப்புகளுக்கு இடையே சில பிக்கோஃபேரட் கெபாசிட்டன்ஸ் எப்போதும் இருக்கும். கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் அது பொருட்டல்ல. சில மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால் பக்கத்துக் காலின் சிக்னல் இங்கே கசியத் தொடங்கும், எவ்வளவு நன்றாகப் பொருத்தினாலும்.

எடுப்பது

விரல் நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி இழுக்காதீர்கள். ஒரு பக்கம் சட்டென்று எழும்ப, மறுமுனைக் கால்கள் வளைந்துவிடும், அவற்றில் ஒன்று விரலிலும் குத்தும். சிறிய தட்டை ஸ்க்ரூ டிரைவரைப் பள்ளத்தின் வழியாக ஐசியின் அடியில் ஒரு முனையில் விட்டு, 1 மி.மீ. அளவு நெம்புங்கள். பிறகு மறுமுனையில் அதே அளவு. இப்படி நான்கைந்து முறை மாற்றி மாற்றிச் செய்தால் நேராக மேலே வந்துவிடும். சப்ளை அப்போதும் கழற்றியே இருக்க வேண்டும்.

எடுத்த ஐசியை வெள்ளைத் தெர்மோகோலில் குத்தி வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தெர்மோகோல் உராய்ந்தாலே நிலைமின்சாரம் பிறக்கும், சிமாஸ் ஐசிகளுக்கு அது கெடுதல். ஐசியோடு வரும் கறுப்பு நிறக் கடத்தும் ஃபோம் துண்டுகளை எறியாமல் வைத்திருங்கள். அது கிடைக்காவிட்டால் தெர்மோகோலின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, கால்கள் எல்லாம் தாளைத் துளைத்துத் தொடும்படி குத்தி வைக்கலாம்.